கடைல வழுக்கி விழுந்தா எங்க போறது? ஸ்டான்லி, ஈஎஸ்ஐ, முதலாளி குடுக்குற காசு

தண்டையார்பேட்டைல நான் வேலை பாத்த சூப்பர் மார்க்கெட்ல எண்ணெய் பாக்கெட் ஒழுகி தரையில கிடந்தத யாரும் கவனிக்கல, பருப்பு எடுத்துட்டு வந்த அக்கா வழுக்கி கைய ஊனி விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைஞ்சிடுச்சு. முதலாளி பக்கத்து கிளினிக்ல கட்டு போட்டு 5,000 ரூபா கைல குடுத்தாரு, "வீட்ல விழுந்தேன்னே சொல்லிடும்மா"ன்னாரு, அக்காவும் சரின்னுட்டாங்க.

கைல காசு வர்றது அப்போதைக்கு நிம்மதியாதான் இருக்கும், ஆனா ஒன்றரை மாசம் சம்பளம் இல்லாம உக்காந்தா 5,000 எத்தன நாளைக்கு வரும் சொல்லுங்க.

ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி நம்ம ஏரியாவுக்கு கிட்ட, ராத்திரி எந்நேரமும் போலாம், காசு கிடையாது. கூட்டம் இருக்கும், அத பொறுத்துக்கலாம். தலைல அடி, இடுப்புல அடின்னா யோசிக்காம அங்கதான் போகணும். எங்க விழுந்தீங்கன்னு கேட்டு எழுதுவாங்க, கடைலன்னு உண்மைய சொல்லுங்க. ஆனா சம்பளத்துக்கு அங்க வழி இல்ல.

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, அததான் இங்க நிறைய பேர் கோட்டை விடுறது. கடைல 10 பேர் வேலை செஞ்சாலே வரும், மாச சம்பளம் 21,000க்குள்ள இருக்கணும். 15,000 சம்பளம்னா நம்ம கிட்ட பிடிக்கிறது 0.75 சதவீதம், அதாவது சுமார் 113 ரூபா, முதலாளி 3.25 சதவீதம் போடுவாரு. அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில வைத்தியம், அதோட வேலைல பட்ட அடின்னு பதிவாச்சுன்னா டாக்டர் ஓய்வு எழுதுற வரைக்கும் சம்பளத்துல சுமார் 90 சதவீதம் வரும், சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. கை நிரந்தரமா வீணாப்போனா மாசாமாசம் பணம் வர்றதுக்கும் வழி இருக்கு.

இதுல அந்த "வீட்ல விழுந்தேன்" பொய் என்ன பண்ணும்னா கேஸ் சாதாரண நோய் கணக்குல போயிடும், 70 சதவீதம்தான், வருஷத்துக்கு 91 நாள்தான், கை வீணாப்போனதுக்கு தனியா எதுவும் கிடையாது. அதனால முதலாளி எவ்ளோ நல்லவரா இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துல மட்டும் தலையாட்டாதீங்க, விழுந்த அன்னிக்கே ஈஎஸ்ஐ ஆபீசுக்கு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் அனுப்ப சொல்லுங்க, பாத்தவங்க பேரையும் குறிச்சு வைங்க.

10 பேர் இல்லாத சின்ன அண்ணாச்சி கடைன்னா ஈஎஸ்ஐ இருக்காது, ஸ்டான்லில பாத்துட்டு லீவு நாள் சம்பளத்த அண்ணாச்சி கிட்ட நேராவே கேக்கணும்.

அந்த அக்காவுக்கு மாசாமாசம் ஈஎஸ்ஐ பிடிச்சிட்டுதான் இருந்தாங்க. இப்பவும் அந்த கையால அஞ்சு கிலோ அரிசிப் பைய தூக்க முடியல.