டாட்டோகிராஃபா, 5070-ஆ?

சாவி கொடுத்து ஓட்டும் குரோனோகிராஃப் (நேரத்தோடு ஸ்டாப்வாட்ச் வசதியும் உள்ள) வாட்ச்களில் உச்சம் எது என்று பேச்சு வந்தால், கடைசியில் இரண்டு பெயர்கள்தான் எஞ்சும். படேக் ஃபிலிப் 1998-இல் வெளியிட்ட 5070, லாங்கே உண்ட் ஸோனே 1999-இல் வெளியிட்ட டாட்டோகிராஃப். என் ஓட்டு டாட்டோகிராஃபுக்கு.

பரம்பரைப் பெருமையில் படேக்கை அசைக்க முடியாது. 1839-இல் ஜெனீவாவில் தொடங்கிய தொழில், 1932 முதல் ஸ்டெர்ன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. லாங்கேயின் கதை அப்படி நேர்க்கோட்டில் போகவில்லை. 1845-இல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்திலுள்ள க்ளாஷுட்டே ஊரில் பட்டறை போட்டார். 1945 மே 8 அன்று, போர் முடியும் தறுவாயில், குண்டுவீச்சில் பட்டறை சிதைந்தது. 1948-இல் அரசு நிறுவனத்தைப் பறிமுதல் செய்ய, கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிப் போனார். பெர்லின் சுவர் விழுந்தபின் திரும்பி வந்து, 1990 டிசம்பர் 7 அன்று, கொள்ளுத்தாத்தா கடை திறந்த அதே தேதியில், நிறுவனத்தை மறுபடி பதிவு செய்தார்.

இத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தவர்கள் எளிய வழியைத் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் டாட்டோகிராஃபின் எல் 951.1 இயந்திரத்தை முழுக்கத் தாங்களே வடிவமைத்தார்கள். 5070-க்கு உள்ளே ஓடுவதோ லெமானியா என்ற வேறொரு நிறுவனத்தின் 2310-ஐ அடிப்படையாகக் கொண்ட இயந்திரம். நிலவுக்குப் போன ஒமேகா வாட்ச்களிலும் இருந்தது அதே வம்சம்தான். படேக் அதை இழைத்து மெருகேற்றிய விதம் அபாரம், மறுக்கவில்லை. இருந்தாலும், கையால் சாவி கொடுக்கும் இந்த ரக இயந்திரத்தை படேக் சொந்தமாகக் கொண்டுவந்தது 2009-இல்தான்.

டாட்டோகிராஃபின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அதன் நிமிடங்களை எண்ணும் சிறு முள்ளைக் கவனியுங்கள். பல குரோனோகிராஃப்களில் அது நிமிடம் முடியும் முன்பே நகரத் தொடங்கிவிடும். 59-ஆம் நொடியில் நிறுத்தினால் எந்த நிமிடம் என்று குழப்பம் வரும். இதில் நொடி முள் 60-ஐத் தொடும்வரை நிமிட முள் அசையாது, தொட்டதும் டக்கென்று ஒரு கோடு தாவும். அப்புறம் ஃப்ளைபேக். ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தி விட்டால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பி, அங்கிருந்தே ஓடும். 5070-இல் இந்த வசதி இல்லை. நிறுத்தி, பூஜ்யமாக்கி, மறுபடி தொடங்க வேண்டும். பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் நெம்புகோல்களும் சக்கரங்களும் மாடி மாடியாக இறங்குகின்றன. இப்படியும் அப்படியும் அசைந்து வாட்சின் வேகத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் உலோகத் தகட்டில் கையால் செதுக்கிய பூ வேலைப்பாடு.

கையில் கட்டிப் பார்த்தால் 5070-க்கும் நியாயம் இருக்கிறது. 42 மி.மீ. அகலம் இருந்தும் தடிமன் குறைவு, டயலில் இரண்டே சிறு வட்டங்கள், பார்க்க அமைதி. டாட்டோகிராஃப் 39 மி.மீ.தான் என்றாலும் பருமன் அதிகம்; பிளாட்டினத்தில் வாங்கினால் நல்ல கனம். சாவி கொடுத்தால் 36 மணி நேரம்தான் ஓடும், ஆகவே தினமும் கொடுக்க வேண்டும்.

அது தொல்லை என்பவர்களுக்கு 2012-இல் வந்த டாட்டோகிராஃப் அப்/டவுன் இருக்கிறது: 60 மணி நேர ஓட்டம், மீதி எவ்வளவு என்று காட்டும் முள், 41 மி.மீ. அகலம். நான் பழைய 39-ஐயே எடுப்பேன்.