நிழற்குடைக்குக் கண்ணாடியா, பாலிகார்பனேட்டா, துளைத் தகடா?

எங்கள் பகுதி பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் காலை கண்ணாடி உதிர்ந்து கிடந்தது. கற்கண்டு மூட்டை அவிழ்ந்து கொட்டியது போல நடைபாதை முழுக்கப் பச்சை ஓரம் மின்னும் துண்டுகள். "ராத்திரி எவனோ கல்லை விட்டுட்டான்" என்றார் பூக்கார அம்மா. "யாரும் எறியலக்கா, தானா வெடிச்சுது" என்றார் டீக்கடைக்காரர். தூய்மைப் பணியாளர் பெருக்கி அள்ளிய பிறகும் சாக்கடை மூடியின் இடுக்கில் மணிமணியாகத் தங்கியிருந்தன. இருக்கைக்கு அடியில் தூங்கும் நாய் இரண்டு நாள் இடம் மாறிப் படுத்தது. சட்டகம் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகவே நின்றது.

அந்தச் சட்டகத்தில் திரும்ப எதை மாட்டலாம்? நான் கட்டடப் பொறியாளர் இல்லை, தினமும் பேருந்துக்கு நிற்பவன். கண்ணாடிக் கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் பேச்சுக் கொடுத்தும், கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதை வைத்து எடை போடுகிறேன்.

உடைந்தது கடைக்காரர்கள் 'டஃபண்ட்' என்று சொல்லும் கடினக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றைப் பீய்ச்சிக் குளிரவைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தோலைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறிதான் அதன் பலம். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு அடி தாங்கும். பலவீனமும் அதுவே. ஓரத்தில் ஓர் இடத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தால் போதும், மொத்த இழுபறியும் அவிழ்ந்து முழுப் பலகையும் ஒரே நொடியில் நொறுங்கும். வாள் போன்ற சில்லாக இல்லாமல் சிறு கட்டிகளாக உடைய வேண்டும் என்பதுதான் விதி. ஐரோப்பியத் தரவிதி, 5 செ.மீ. சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டாவது இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் இதற்கான தரம் ஐ.எஸ். 2553.

டீக்கடைக்காரர் சொன்னதும் வெறும் கதை இல்லை. உருக்கும்போது நிக்கல் சல்பைடு துகள் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால், அது மெல்ல மெல்லப் பருத்து, மாதங்களோ வருஷங்களோ கழித்து யாரும் தொடாமலே கண்ணாடியை வெடிக்க வைக்கும். அப்படிப்பட்ட பலகைகளைத் தொழிற்சாலையிலேயே மறுபடி சூடாக்கி உடைத்துக் கழித்துவிட ஒரு சோதனை இருக்கிறது. அதற்குத் தனிச் செலவு. குறைந்த விலைக்கு டெண்டர் எடுப்பவர் முதலில் வெட்டுகிற செலவும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

என்னைக் கேட்டால் டஃபண்டின் உண்மையான குறை உடைவதில் இல்லை, மாற்றுவதில் இருக்கிறது. ஒருமுறை கடினமாக்கிவிட்டால் அதை வெட்டவோ துளைபோடவோ முடியாது. அளவு எடுத்து, வெட்டி, துளையிட்டு, அதன் பிறகுதான் உலைக்குப் போகும். ஒவ்வொரு சாலையிலும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் ஒவ்வோர் அளவில் கட்டிவைத்தால், உடைந்த ஒரே ஒரு பலகைக்காக யார் ஆர்டர் கொடுப்பார்?

பட்டறைக்காரர் அடுத்துச் சொன்னது லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. என்ற ஒட்டுப்படலம்; கார் முன்கண்ணாடி மாதிரி. 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸின் கை தவறி விழுந்த குடுவை ஒன்று, உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் படலத்தால் சிதறாமல் நின்றதில் தொடங்கிய யோசனை இது. கல் பட்டால் சிலந்தி வலை போல விரியும், கீழே கொட்டாது. செருப்பில்லாமல் நடப்பவருக்கும் நாய்க்கும் நல்லது. ஆனால் இரண்டு சிக்கல். ஓரங்களை மூடாமல் விட்டால் கடற்கரை ஊரின் ஈரம் படலத்துக்குள் இறங்கி, விளிம்பிலிருந்து வெள்ளையாகப் பூக்கும். இன்னொன்று நம் குணம். கொட்டினால்தான் நாம் அசைவோம். கொட்டாத விரிசலை அடுத்த தேர்தல் வரைக்கும் அப்படியே விட்டுவைப்போம்.

பாலிகார்பனேட் ஒளி ஊடுருவும் ஒரு கெட்டி பிளாஸ்டிக். உடையவே உடையாது என்பார்கள். ஏறக்குறைய உண்மை. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. எடையும் கண்ணாடியில் பாதிக்குக் குறைவு: 2 மீட்டருக்கு 1.2 மீட்டர் பலகை, 8 எம்.எம். கண்ணாடியில் 48 கிலோ; 6 எம்.எம். பாலிகார்பனேட்டில் 17 கிலோ சொச்சம். ஒரே ஆள் தூக்கி மாட்டிவிடலாம்.

இதைத் தோற்கடிப்பது கல் இல்லை, சுவரொட்டி. 1959-ஆம் ஆண்டிலிருந்தே பொது இடங்களை உருக்குலைப்பதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மைதா பசை வாளிக்கு அது தெரியாது. கண்ணாடியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியைத் தண்ணீர் தெளித்து பிளேடால் சுரண்டினால் தடம் தெரியாமல் போய்விடும். பாலிகார்பனேட்டைச் சுரண்டினால் ஒவ்வொரு சுரண்டலும் கோடாகத் தங்கும். தின்னர் ஊற்றித் துடைத்தால் மேற்பரப்பே வெந்து மங்கும். காம்பஸ் முனையால் இதயம் வரைகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் லைட்டர் வைத்திருக்கிற அண்ணன்களுக்கும் இது மெழுகுப் பலகை. வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். புற ஊதா பூச்சு இல்லாத மலிவு ஷீட்டாக இருந்தால் சில கோடைகளிலேயே மஞ்சளாகிவிடும். உடையாத, ஆனால் எதிர்ப்பக்கம் தெரியாத ஒரு திரை யாருக்கு வேண்டும்?

கண்ணாடி வைத்ததே எதிர்ப்பக்கம் தெரியத்தான். வருகிற பேருந்து தெரிய வேண்டும். இரவில் தனியாக நிற்கிற பெண் சாலைக்குத் தெரிய வேண்டும். கூடவே, குளிர்நாடுகளில் காற்றைத் தடுக்க வேண்டும். விளம்பர வருமானத்தில் நிழற்குடை என்ற ஏற்பாட்டை 1964-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் தொடங்கிவைத்தார் ஜான்-குளோத் தெகோ. பலகையில் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பவரே துடைப்பார், உடைந்தால் மாற்றுவார் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர். உடைந்த நிறுத்தத்தில் விளம்பரம் விலை போகாது என்பதால் மாற்ற ஆள் வருவார். நாம் அங்கிருந்து கண்ணாடியைக் கொண்டுவந்தோம், மாற்ற வருகிற ஆளைக் கொண்டுவரவில்லை. எங்கள் நிறுத்தத்தில் நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் டியூப்லைட் ஒருநாளும் அணைந்ததில்லை. பக்கத்திலேயே காலிச் சட்டகம்.

தமிழில் நாம் வைத்த பெயரையே பாருங்கள்: நிழற்குடை. குடைக்குச் சுவர் கிடையாது. கண்ணாடி போன அந்த வருஷம் மே மாதம் எங்கள் நிறுத்தத்தில் முன்பைவிடக் கூட்டம் அதிகம் உட்கார்ந்தது. காற்று வந்தது, அவ்வளவுதான். முன்பு முதுகுப்பக்கக் கண்ணாடி வழியாக மூன்று மணி வெயில் அப்படியே உள்ளே இறங்கும். நிழற்குடைக்குள் நிழல் இருக்காது.

அதனால் முதுகுப்பக்கத்துக்கு என் ஓட்டு துளைத் தகட்டுக்கு. துளை போட்ட ஸ்டீல் தகடு காற்றை விடும், வெயிலை வடிகட்டும், உடையாது, பின்னால் ஆள் நிற்பது நிழலாகவாவது தெரியும். போஸ்டர் ஒட்டலாம், ஆனால் பசைக்குப் பாதிப் பரப்புதான் கிடைக்கும், ஓரம் சீக்கிரம் எழும்பும். வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகமா 316 ரகமா என்று கேட்க வேண்டும். 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக் காற்றை அதிகம் தாங்கும். 304 கடலோரத்தில் டீ சிந்தியது போல் பழுப்புத் திட்டு காட்டும். ஸ்க்ரூ வைத்து மாட்டினால் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும் என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். வெல்டுதான். இருக்கையை மட்டும் தயவுசெய்து ஸ்டீலில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தகடு தோற்கிற இடம் ஒன்று உண்டு: ஐப்பசி, கார்த்திகைச் சாரல். துளை வழியாகத் தண்ணீர் முதுகில் அடிக்கும். பேருந்து வருகிற பக்கத்தையும் தகடு மறைக்கக் கூடாது. ஆகவே வருகிற பக்கத்துக்கு மட்டும், தரையிலிருந்து ஓர் அடி விட்டு, ஓரம் மூடிய லேமினேட்டட் சிறு பலகைகள். நகரம் முழுக்க ஒரே அளவு, டிப்போவில் நாலு உபரி. சாரலுக்குக் கூரையை இன்னும் இரண்டடி வெளியே நீட்டினாலே பாதி தீர்ந்துவிடும்.

எங்கள் நிறுத்தத்துச் சட்டகம் இப்போது காலியாக இல்லை. போன மழையில் பூக்கார அம்மா பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கம்பியில் இழுத்துக் கட்டிவிட்டார். யாரோ ஒரு தலைவர் தலைகீழாகக் கும்பிடுகிறார். உடையவில்லை, சாரல் வரவில்லை, பேருந்தும் தெரியவில்லை. "பஸ் வந்தா நான் சொல்றேன் தம்பி, உக்காரு" என்கிறார் அம்மா.