கோதுமைக்கு மாறி மூன்று வருடம்: என் சர்க்கரை நோட்டிலிருந்து

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் முதலில் மாறியது ராத்திரிச் சாப்பாடுதான். சோறு போய் கோதுமை வந்தது. அன்றிலிருந்து சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். மாத்திரையும் நடையும் இந்த மூன்று வருடமும் ஒரே மாதிரிதான்.

முதல் சில மாதம் பெரும்பாலும் கோதுமை தோசை. மாவைக் கரைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. ஆனால் 210, 220 என்றே காட்டும். சோறு சாப்பிட்ட காலத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அதே மாவில் சப்பாத்தி போட்டால் 185 பக்கம். சம்பா கோதுமை ரவையை உதிரியாகக் கிண்டிய உப்புமாவுக்கு 160, 165. எல்லாமே தராசில் நிறுத்த 60 கிராம். சரி, ரவைதான் நல்லது என்று நினைத்திருந்தபோது, காய்ச்சலில் ஒருநாள் அதே ரவையைக் கஞ்சியாகக் குழைய விட்டுக் குடித்தேன். 205! காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பதால், உடம்பு தேறியபின் மறுபடி காய்ச்சிக் குடித்துப் பார்த்தேன். 198.

காரணம் மாவுச்சத்தில் இருக்கிறது. கோதுமை மாவுச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு அமைலோஸ். கிளை அதிகமில்லாத நீளச் சங்கிலி, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், செரிக்க நேரமெடுக்கும். மீதி அமைலோபெக்டின், கிளைகிளையாக விரிந்தது, சீக்கிரம் குளுக்கோஸாகிவிடும். நைசாக அரைத்து நிறையத் தண்ணீரில் வேகவிட்டால் எல்லாமே உப்பி அவிழ்ந்துவிடுகிறது. சப்பாத்தி மாவில் தண்ணீர் குறைவு, அதனால் முழுக்க அவிழ்வதில்லை. ரவைக் குருணைக்குள் இருப்பதை வயிற்றில் செரிக்கவைக்கும் நொதி எட்டவே நேரமாகும்.

ஆறினால் மாவுச்சத்து மறுபடி இறுகும் என்பதால் காலையில் போட்ட சப்பாத்தியை ராத்திரி சாப்பிட்டும் பார்த்தேன். ஐந்து, பத்து குறைந்தது. வீட்டு மீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம், அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் மாவுச்சத்தில் பெரும்பகுதி அமைலோஸாகவே இருக்கும் கோதுமையை உருவாக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைக்கு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

என் எண்கள் அப்படியே உங்களுக்கு வராது. ஒரே உணவை ஒரே அளவில் மூன்று நாளாவது சோதித்துப் பாருங்கள். மாத்திரை அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு: வறுத்த ரவை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டரைப் பங்கு, தட்டில் பாதிக்குக் கொத்தவரங்காய்ப் பொரியல். நேற்று ராத்திரி 158.