மெட்டாடரா, 407-ஆ, மாஸ்டாவா: வீட்டுக் கொட்டகைக்கு எந்தப் பழைய வண்டி?

பழைய டெலிவரி வண்டி ஒன்றை வாங்கி வீட்டிலேயே பிரித்துக் கட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த வாக்கியம் எஞ்சினைப் பற்றித்தான் வரும். "எஞ்சின் சூப்பரா இருக்குண்ணே, அரை செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிடுச்சு." இதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எஞ்சின் கெட்டிருந்தால் அதைக் கழற்றி லேத்தில் கொடுத்து, போரிங் போட்டு, கிராங்க் பிடித்து, ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம், காசுதான் போகும். தகரம், அதாவது வண்டியின் உடம்பு, துருவில் போயிருந்தால் வருஷக்கணக்கில் நம் வாழ்க்கை போகும். தாள், அதாவது ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று முதலான ஆவணங்கள், சரியில்லை என்றால் கட்டி முடித்த வண்டி கொட்டகைக்குள்ளேயே கோழி அடைய நிற்கும். அதனால் கீழே மெட்டாடர், டாட்டா 407, ஸ்வராஜ் மாஸ்டா மூன்றையும் தகரம், தாள் இரண்டையும் முன்னால் வைத்தே பார்க்கிறேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. 22-க்கு 12 அடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை, ஒரு செயின் பிளாக், ஒரு மிக் வெல்டிங் மிஷின், ஞாயிற்றுக்கிழமைகள், அவ்வளவுதான். ஒரு மெட்டாடர் வேனை நான்கு வருஷம் இழுத்து முடித்தேன். மச்சானோடு சேர்ந்து ஒரு 407. பக்கத்துத் தெரு நண்பரின் ஸ்வராஜ் மாஸ்டாவில் எட்டு மாதம் கூலியில்லா உதவியாள்.

மூன்றுக்கும் பூர்வீகம் வேறு. மெட்டாடர் ஜெர்மன் டெம்போ, ஹனோமாக் வழி வந்தது. புனேயில் பஜாஜ் டெம்போ 1969-இல் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. அப்புறம் நம் ஊரில் எந்தச் சின்ன வேனைப் பார்த்தாலும் மெட்டாடர் என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டோடு நான்கு கம்பெனிகள் வரிசையாக வந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி. அந்த நால்வருக்கும் பதிலடியாக டாட்டா சொந்தமாகச் செய்து 1986-இல் இறக்கியதுதான் 407. டொயோட்டா டைனாவோ நிசான் கேப்ஸ்டாரோ எங்காவது கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள், ஒரு கண்ணாடி ரப்பருக்காக நான்கு மாநிலம் அலைய வேண்டி வரும். ஐச்சர் கேன்டரில் நான் கை வைத்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். நம் பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு 20 வேனை ஊர்ப்பாசத்தில் சேர்க்க ஆசைதான். ஆனால் அந்தக் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆசையோடு நிறுத்திக்கொள்வோம்.

சரி, வண்டிக்கு வருவோம். மெட்டாடரின் பெரிய வித்தியாசம் அது முன்சக்கர ஓட்டம் என்பது. எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்கு ஓட்டம் கொடுக்கும் கிரவுன் பல்சக்கரம் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. நீளமான ஜாயிண்ட் தண்டு அடியில் ஓடுவதில்லை, பின்னால் கிரவுன் உருண்டையும் இல்லை. இதனால் பின்தளம் மற்ற இரண்டையும் விட நன்றாகத் தாழ்ந்து இருக்கும். உள்ளே கட்டில் போடவோ, சின்னச் சமையல் மேடை வைக்கவோ, டீக்கடை மாதிரி பக்கவாட்டில் திறக்கும் பலகை வைக்கவோ நினைத்தால் இந்தத் தாழ்ந்த தளம் தங்கம். வயதான அம்மாவை ஏற்றி இறக்கிப் பாருங்கள், அப்போது புரியும். ஆனால் பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்தின் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். ஈரமான ஏற்றத்தில் முன்டயர் சும்மா சுற்றும், வண்டி நகராது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கட்டில் என்று எல்லாவற்றையும் பின்மூலையில் அடுக்கிவிட்டு ஏற்காடு ஏறப் போனவன் நான். அதற்கப்புறம்தான் தொட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்தேன்.

407 நேர் எதிர். ஏணி மாதிரி ஒரு சேசிஸ், மேலே கேபின், தனியாகப் பின்பாடி, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், பின்னால் இரட்டைச் சக்கரம். தளம் உயரம், ஏறுவதற்குப் படி வேண்டும். வீட்டில் வேலை செய்கிறவனுக்கு இந்தப் பழைய பாணிதான் வரம். யூ போல்ட்டைக் கழற்றினால் பின்பாடி தனியே வந்துவிடும். கேபினையும் எடுத்துவிட்டால் சேசிஸைக் கழுவி, சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து உலரவிட்டு, அந்த மாதம் கேபினை மட்டும் கொட்டகைக்குள் வைத்துத் தட்டலாம். ஒரே நேரத்தில் முழு வண்டியும் இடத்தை அடைப்பதில்லை. மெட்டாடர் வேனில் அப்படிப் பிரிக்க முடியாது, பெட்டி முழுசும் ஒன்று. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் கதவு சேராது. என் கணக்கில் மெட்டாடர் டிங்கரிங் மட்டும் 14 மாதம் தின்றது. 407 கேபின் 3 மாதத்தில் முடிந்தது, அதிலும் ஒரு மாதம் மச்சான் வரவில்லை.

மாஸ்டாவும் சேசிஸ் வண்டிதான், பிரிப்பது 407 போலவே. ஆனால் கேபின் கெட்டுப் போயிருந்தால் மாற்றுக் கேபின் கிடைப்பது நம் பக்கம் கஷ்டம். 407-க்கோ சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கதவு, பம்பர், டேஷ்போர்டு, ஏன் பாதி கேபினே கூடக் கிடைக்கும், பேரம் பேசத் தெரிந்தால் போதும்.

எஞ்சினை ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது. மெட்டாடர் எஃப் 305-இல் இருப்பது மெர்சிடிஸ் ஓ.எம். 616, 2.4 லிட்டர் டீசல். வெளிநாட்டில் மெர்சிடிஸ் 240 டி காரில் ஓடிய அதே எஞ்சின்தான். அதைச் சொல்லியே சிலர் வண்டி விலையில் பத்தாயிரம் ஏற்றுவார்கள், ஏமாறாதீர்கள். டீசல் முதலில் தனி அறையில் பற்றி அப்புறம் சிலிண்டருக்குள் போகும் வகை என்பதால் சத்தம் கொஞ்சம் மென்மை, காலையில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் சரியாக இருக்க வேண்டும். டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் இதே எஞ்சின் ஓடியதால் பிஸ்டன், ரிங், ஹெட் சாமான் எல்லாம் இன்றும் கிடைக்கிறது. கிடைக்காதது முன்சக்கரத் தண்டுகளும் அதன் ஜாயிண்டும்தான். ஒரு பக்க ஜாயிண்டுக்காக ஐந்து மாதம் வண்டி கட்டை மேல் நின்றது. மூன்று முறை புதுப்பேட்டை, ஒருமுறை கோவை உக்கடம், கடைசியில் ஒரு பழைய ஆம்புலன்ஸைப் பிரித்த காயலாங்கடையில் சிக்கியது. வாங்கும்போதே காலியிடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் விலையில் அதைக் கழியுங்கள், அல்லது அப்படியே கிளம்பிவிடுங்கள்.

407-இன் எஞ்சின் 497. நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர் என்பதுதான் அந்தப் பெயரே, கிட்டத்தட்ட 3 லிட்டர். நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் அடிக்கும் வகை, தடதட என்று காது கிழியும், கேபினுக்குள் சத்தத் தடுப்பு ஒட்டாமல் நீண்ட பயணம் போனால் வீட்டுக்காரி அடுத்தமுறை பஸ்ஸில் வருவாள். ஆனால் எந்த ஊரில் நின்றாலும் பிரிக்கத் தெரிந்தவன் அரை மணியில் வருவான். மாஸ்டா 3.5 லிட்டர், இழுவையில் மூன்றில் ராஜா. எஞ்சின் சாமான் கிடைக்கிறது, விலைதான் டாட்டா சாமானை விடக் கூட.

யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் எப்போதும் கேட்பேன்: இந்த வண்டி இத்தனை வருஷம் என்ன சுமந்தது? மீன் வண்டி என்றால் வீட்டு வாசலில் இனாமாகக் கொண்டுவந்து விட்டாலும் வேண்டாம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தளத்தின் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி உள்ளிருந்தே தின்றிருக்கும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும், ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் பொத்தென்று உள்ளே போகும். பால் வண்டி அடுத்த மோசம், தினமும் கழுவுவார்கள், தளம் உலரவே உலராது. சிலிண்டர் வண்டி துருப்பிடிக்காது, ஆனால் தளமும் பக்கத் தகரமும் அம்மிக்கல் கொத்தினது போல இருக்கும். எனக்குப் பிடித்தது பேப்பர் வண்டியும் பிரெட் வண்டியும். சரக்கு நனையக்கூடாது என்பதால் கூரையும் கதவு ரப்பரும் ஒழுங்காகப் பார்த்து வைத்திருப்பார்கள். பேப்பர் வண்டி ராத்திரி முழுக்க விரட்டியிருக்கும், எஞ்சின் தளர்ந்திருக்கும். இருக்கட்டும், எஞ்சின்தானே! சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிதான் இருக்கிறது. என் மெட்டாடரின் பின்சக்கர வளைவில் காந்தம் மூன்று இடத்தில் நழுவி விழுந்தது. நான்தான் ஆசையில் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

துரு விஷயத்தில் மெட்டாடர்தான் தோற்கும். எல்லாம் வயதான வண்டிகள், பெட்டி உடம்பு, தண்ணீர் தங்க நூறு இடம். 407-இல் பின்பாடி எவ்வளவு உளுத்திருந்தாலும் கவலையில்லை, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் புதுசே கட்டிவிடலாம்.

இப்போது தாள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதனால் மெட்டாடரில் வேறு ஏதோ காரின் எஞ்சினைத் திணிப்பது, சேசிஸை வெட்டி நீட்டுவது போன்ற யோசனைகளை வீடியோவோடு விட்டுவிடுங்கள். எஞ்சின் மாற்றுவதானாலும் பாடி வகை மாற்றுவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, அப்புறம்தான் ஸ்பேனர். நிறம் மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்றுங்கள். சரக்கு வண்டியாகவே வைத்திருந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, வரி, பசுமை வரி எல்லாம் தொடரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சேசிஸ் நம்பரைத் தேய்த்துக் கண்ணால் பாருங்கள், துருவில் ஒரு எழுத்து படிக்க முடியாவிட்டாலும் எஃப்.சி.யில் இழுத்தடிப்பார்கள். ஒரு நல்ல செய்தி: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 407-ஐத் தைரியமாக எடுக்கலாம். மாஸ்டாவில் பல வகை உண்டு, ஆர்.சி.யில் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பி.யூ., அதாவது பாலியூரிதேன் பெயின்ட், அடித்தால் கண்ணாடி போல் இருக்கும், உண்மை. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதற்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக் கொட்டகையில், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில், வேண்டாம். கேபினை மட்டும் வெளியே பூத் உள்ள இடத்தில் கொடுத்து பி.யூ. அடியுங்கள், பின்பாடிக்கு எனாமலை பிரஷ்ஷால் இழுங்கள். பழைய லாரிகளெல்லாம் அப்படித்தான் மின்னின. 407-இல் இப்படிப் பிரித்துச் செய்யலாம், மெட்டாடரில் முழு வண்டியையும் கொண்டுபோக வேண்டும். மணல் அடித்துத் துரு எடுப்பது சேசிஸுக்கு மட்டும். மெல்லிய பக்கத் தகரத்தில் அடித்தால் நெளிந்து அப்பளமாகிவிடும், இது என் நண்பரின் மாஸ்டா கதவு சொன்ன பாடம்.

ஆக, முதல் வண்டி என்றால் 407. யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஒன்றைக் கட்டி முடித்து, உள்ளே படுத்துத் தூங்கும்படி ஒரு வேன் வேண்டும், அவசரமும் இல்லை என்றால் மெட்டாடர், அதுவும் உலர்ந்த சரக்கு சுமந்ததாக இருந்தால் மட்டும். மாஸ்டாவை யாரும் தேடுவதில்லை, அதனாலேயே மலிவு. கேபின் முழுசாக, தாள் சுத்தமாக அமைந்தால் மூன்றில் அதுதான் லாபம். அழகு? அதில் மெட்டாடரின் முகத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது, அதற்காகத்தான் நான்கு வருஷம் போனது.

போன வாரம் பேப்பர் கட்டு ஏற்றிய பழைய 407 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று தகவல் வந்தது. ஆர்.சி. போட்டோவும் படிக்கட்டின் அடிப்பக்க போட்டோவும் அனுப்பச் சொன்னேன். எஞ்சின் ஓடும் வீடியோ நான்கு வந்திருக்கிறது.