நாற்பது எரிடானிக்கு ஒரு வானம்: யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் மென்பொருள் மதிப்புரை

அயலுலக நாகரிகம் ஒன்றைப் பற்றி நெடுங்கதை எழுதத் தொடங்கியபோது நான் முதலில் வரைந்தது அதன் விலங்குகளைத்தான். ஆறு கால்கள் கொண்ட மேய்ச்சல் விலங்கு, அதை இருளில் வேட்டையாடும் பெரும் பறவை, இரண்டு நிலவுகள் எழும் கடற்கரை என்று ஒரு குறிப்பேடு நிரம்பிய பிறகே, இவை எந்த விண்மீனைச் சுற்றும் எந்தக் கோளில் வாழ்கின்றன என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை தேடித்தான் யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் மென்பொருளை வாங்கினேன். மூன்று மாதங்களாக ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் அதில் வேலை செய்திருக்கிறேன். குறிப்பேட்டில் இருந்த விலங்குகளில் பாதியைக் கோடிட்டு அடித்து நீக்க வேண்டியதாயிற்று. மீதிப் பாதிக்கு அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

டான் டிக்சன் என்பவர் தொடங்கிய இந்த மென்பொருளின் முதல் வடிவம் 2008-இல் வெளிவந்தது. முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட இன்றைய வடிவத்தை ஜெயன்ட் ஆர்மி நிறுவனம் 2015 ஆகஸ்டில் ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் முன்னோட்டமாக வெளியிட்டது; அன்று முதல் அதைத் தொடர்ந்து வளர்த்து வருகிறது. ஒரு விண்மீனையும் சில கோள்களையும் திரையில் வைத்து, அவற்றின் நிறை, ஆரம், தொலைவு, வேகம், அச்சுச் சாய்வு ஆகியவற்றை நாம் கொடுத்தால், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் எவ்வளவு ஈர்க்கிறது என்று கணத்துக்குக் கணம் கணக்கிட்டு, அந்தக் குடும்பம் முழுவதையும் அது ஓடவிடுகிறது. முன்பே வரைந்து வைத்த பாதையில் கோள் நகர்வதில்லை. ஈர்ப்பு எங்கே இழுக்கிறதோ அங்கே போகிறது. உலகம் கட்டுபவர்களுக்கு இந்த ஒரு குணமே இதன் விலைக்கு ஈடானது என்பது என் கருத்து.

நான் தேர்ந்தெடுத்த இடம் 40 எரிடானி. பூமியிலிருந்து ஏறத்தாழ 16.3 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் இந்த மூன்று விண்மீன் குடும்பத்தை, தை மாத முன்னிரவில், திருவாதிரை இருக்கும் ஓரியன் தொகுதியின் ரைஜெல் விண்மீனுக்கு மேற்கே சுமார் பதினைந்து பாகை தள்ளி, நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறுங்கண்ணால் ஒரு மங்கிய புள்ளியாகக் காணலாம். முதல் விண்மீன் நம் சூரியனைவிடச் சிறிய, ஆரஞ்சு நிறக் குள்ளன். அதிலிருந்து ஏறத்தாழ 400 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு) தள்ளி, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய ஒரு வெள்ளைக் குள்ளனும், சிறிய, மங்கிய சிவப்பு விண்மீனான ஒரு செங்குள்ளனும் இணையாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. 1783-இல் வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைநோக்கியில் கண்டது இந்த இணையைத்தான். முதல் விண்மீனைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 2018-இல் ஓர் அறிவிப்பு வந்தது. கோளின் அறிகுறியாகக் கருதப்பட்ட அந்தச் சைகை விண்மீனின் சொந்தச் செயல்பாட்டால் எழுந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே அங்கே என் கோளை வைக்க இடம் இருந்தது.

சூரியனின் நிறையில் 0.78 பங்கை விண்மீனுக்குக் கொடுத்து, கோளை 0.65 வானியல் அலகில் வைத்தேன். பூமி பெறும் அளவுக்கு நெருக்கமான வெப்பம் அங்கே கிடைக்கிறது. ஆண்டு ஏறத்தாழ 217 பூமி நாட்களாகிறது. ஆரஞ்சுச் சூரியன் வானில் நம் சூரியனைவிடக் கால் பங்கு அகலமாகத் தெரிகிறது. கோளின் நிறை பூமியைப்போல் 1.6 மடங்கு, ஆரம் 1.15 மடங்கு என்று வைத்தபோது, மேற்பரப்பு ஈர்ப்பு 1.2 மடங்கு என்று வந்தது. இவற்றை ஒரு தாளிலும் கணக்கிட்டுவிடலாம் என்பது உண்மைதான். தாளில் நான் கணக்கிடத் தவறியது நிலவுகளை.

முதல் நிலவை மூன்று லட்சம் கிலோமீட்டரிலும் இரண்டாவதை ஒன்பது லட்சத்திலும் வைத்திருந்தேன், ஏனென்றால் கதையின் முதல் பக்கத்திலேயே இரண்டு நிலவுகள் எழும் காட்சி இருந்தது. ஓடவிட்டுச் சிறிது நேரத்திலேயே வெளி நிலவின் பாதை நெளியத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் வடிவம் மாறி, கடைசியில் அது கோளை விட்டுப் பிரிந்து விண்மீனைச் சுற்றத் தொடங்கிவிட்டது. காரணம் எளியது: கோள் தன் விண்மீனுக்கு அருகே இருப்பதால், அதன் ஈர்ப்பு ஆதிக்கம் செலுத்தும் ஹில் கோளம் பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டர் ஆரம் மட்டுமே கொண்டது, அதிலும் கோள் விண்மீனைச் சுற்றும் அதே திசையில் சுற்றும் நிலவு, அந்த ஆரத்தின் பாதிக்குள் இருந்தால்தான் நெடுங்காலம் நிலைக்கும். ஒன்பது லட்சம் என்பது நிலவு நிலைக்க முடியாத தொலைவு. முதல் பக்கத்தை மாற்றி எழுத எனக்கு மிகுந்த மனக்கஷ்டம் இருந்தது என்றாலும், அந்த நிலவு விலகிப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு அதை மீண்டும் கதைக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை.

இழந்த நிலவுக்கு ஈடாக வானம் அதைவிடப் பெரிய ஒன்றைத் தந்தது. கோளின் தரையில் நின்று பார்ப்பதுபோல் காட்சியை அமைத்து, இரவு வானில் வெள்ளைக் குள்ளனைத் தேடினேன். 400 வானியல் அலகுத் தொலைவில் அதன் ஒளி, நமக்கு வெள்ளிக் கோள் மிகப் பிரகாசமாகத் தெரியும்போது இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். ஆனால் முழுநிலவின் ஒளியில் நூறில் ஒரு பங்குகூட இராது. இருண்ட காட்டில் பொருள்களுக்கு மெல்லிய நிழல் விழ இது போதும். அதற்குப் பக்கத்தில், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத்துக்கு உள்ளும் புறமுமாக, செங்குள்ளன் வெள்ளியைவிட மும்மடங்கு ஒளியுடன் நிற்கும். அந்தச் சிவப்புப் புள்ளி வெள்ளைப் புள்ளியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 230 ஆண்டுகள் ஆகும். கருவி எதுவும் இல்லாத ஒரு நாகரிகம், பாட்டன் காலத்தில் வலப்புறம் இருந்தது இப்போது மேலே வந்துவிட்டது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கண்கூடான இயக்கம் அது. என் நாகரிகத்தின் நூற்றாண்டுக் கணக்கு அங்கிருந்துதான் பிறந்தது.

காட்டுயிர்களைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த இணை விண்மீன்கள் அவ்வளவு தொலைவில் மிக மெதுவாக நகர்வதால், வானில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றன. கோள் தன் சூரியனைச் சுற்றும்போது ஆண்டின் ஒரு பாதியில் அவை இரவில் தெரியும், மறு பாதியில் பகல் வெளிச்சத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே அந்தக் கோளில் கோடை, குளிர் என்ற பருவங்களுக்கு மேல், ஒளி இரவுக் காலம், இருள் இரவுக் காலம் என்று இன்னொரு பருவச் சுழற்சி இருக்கும். நம் பூமியிலேயே நிலா வெளிச்சத்தில் பல கொறிவிலங்குகள் வளையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கின்றன. பக்கிக் குருவிகள் அந்த வெளிச்சத்தில்தான் கூடுதலாக இரை தேடுகின்றன. பவளங்கள் நிலவின் நாட்களைக் கணக்கில் வைத்து முட்டையிடுகின்றன. மாதம் ஒருமுறை வந்துபோகும் ஒளியே இவ்வளவு செய்யுமானால், தொடர்ந்து நூறு நாட்கள் நீடிக்கும் ஒளி என்னென்ன செய்யும்? என் ஆறுகால் விலங்கு ஒளி இரவுகளில் புதர்க்காட்டுக்குள் ஒடுங்கி, இருள் இரவுகள் தொடங்கியதும் திறந்த புல்வெளிக்கு இறங்குவது என்ற பழக்கம் இப்படித்தான் வந்தது.

இந்த இரண்டு பருவங்களும் என்றும் ஒன்றாகப் பொருந்தி நிற்பதில்லை. இணை விண்மீன்கள் முதல் விண்மீனைச் சுற்ற ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன; அதனால் ஒளி இரவுக் காலம் மெல்ல நகர்ந்து, இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்கு மாறிவிடும். குளிர்காலமும் ஒளி இரவும் சேர்ந்து வரும் யுகத்தில் வேட்டை விலங்குகளுக்கு வாழ்வு எளிது. கோடையோடு சேரும் யுகத்தில் மேய்ச்சல் விலங்குகள் பெருகும். வலசை செல்லும் விலங்கு வெப்பத்தைப் பின்பற்றுவதா, ஒளியைப் பின்பற்றுவதா என்ற பிரச்சினை ஒவ்வொரு யுகத்திலும் புதிதாக எழும். கோளின் சுற்றுத்தளத்துக்கும் இணை விண்மீன்களின் சுற்றுத்தளத்துக்கும் இடையே உள்ள கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஒரு யுகம் முழுவதும் எந்த அட்சரேகையில் வெள்ளைக் குள்ளன் அடிவானத்துக்கு மேல் வரவே வராது என்பதும் தெரிந்தது. அந்த யுகத்தில் ஒளி இரவே வராத அந்தத் தென்கோடி நிலத்தில், விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கொண்ட, நம் பூனையின் கண்ணைப்போல மின்னும் கண்கள் உடைய விலங்குகளைக் குடியேற்றினேன்.

பெரும் பறவை பிழைத்ததற்கும் கணக்குதான் காரணம். ஈர்ப்பு 1.2 மடங்கு என்றதும் பறப்பதே கடினம் என்று நினைத்து அதை அடித்திருந்தேன். வளிமண்டலத்தைச் சற்றுக் கனமாக்கி, தரையருகே காற்றின் அடர்த்தி பூமியைப்போல் இரண்டரை மடங்கு என்று வைத்தால், அதே சிறகும் அதே உடல் நிறையும் கொண்ட ஒரு பறவைக்குக் காற்றில் நிற்கத் தேவையான வேகம், பூமியில் தேவைப்படுவதில் எழுபது விழுக்காடாகக் குறைகிறது. அங்கே நடப்பதுதான் கடினம், பறப்பது எளிது. நிலத்து விலங்குகளின் கால்களைக் குட்டையாகவும் பருமனாகவும் திருத்தி, வானத்து உயிர்களுக்குப் பெரிய உடலைக் கொடுத்தேன். ஆனால் கனமான வளிமண்டலம் வெப்பத்தையும் பிடித்து வைக்கும் என்பதை மென்பொருள் உடனே காட்டியது. துருவப் பனி முழுவதும் உருகி நீரானது. கோளைச் சற்று வெளியே தள்ள வேண்டியிருந்தது. அதனால் ஆண்டின் நீளம் மாறியது. அதனால் வலசைக் காலம் மாறியது. இப்படி ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசைவதுதான் இந்த மென்பொருள் தரும் பயிற்சி.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதன் தட்பவெப்பக் கணக்கு வெப்பநிலை, நீர், பனி, ஆவி ஆகியவற்றோடு நிற்கிறது. காற்றோட்டம், பருவமழை, கடல் நீரோட்டம் ஆகியவற்றை எதிர்பார்க்கக் கூடாது. எந்தக் கரையில் காடு, எந்த மலைக்குப் பின்னே பாலை என்பதை நாமே புவியியல் அறிந்து வரைந்துகொள்ள வேண்டும். உயிரினங்களை உருவாக்க இதில் எந்த வசதியும் இல்லை. காலத்தை மிக வேகமாக ஓடவிட்டால், ஒவ்வோர் அடியிலும் சேரும் கணக்குப் பிழையால் நல்ல நிலவும் தன் பாதையை விட்டு விலகும். உண்மையான நிலைகுலைவையும் கணக்குப் பிழையையும் பிரித்தறிய, அதே அமைப்பை வேகம் குறைத்து மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பதே வழி. என் வெளி நிலவை நான் மூன்று வேகங்களில் சோதித்த பிறகே கைவிட்டேன். கோளின் மேற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வசதிக்குத் தனி வரைகலை அட்டை உள்ள கணினி இருப்பது நல்லது.

ஒரு நாகரிகத்துக்கு ஒரே விண்மீன் குடும்பம் போதாது என்பவர்கள், இதனுடன் ஸ்பேஸ் என்ஜின் மென்பொருளையும் வைத்துக்கொள்ளலாம். விளாடிமிர் ரோமான்யுக் உருவாக்கி, 2019-இல் ஸ்டீமில் விற்பனைக்கு வந்த அது, ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்து தந்த அட்டவணையின் உண்மையான விண்மீன்களை அவற்றின் இடத்தில் வைத்து, நம்மை அவற்றினிடையே பறக்க விடுகிறது. 40 எரிடானியிலிருந்து ஏறத்தாழ ஆறு ஒளியாண்டில் இருக்கும் எப்சிலான் எரிடானிக்குப் போய், அங்கிருந்து நம் சூரியன் எப்படித் தெரிகிறது என்று பார்த்த இரவு எனக்கு மறக்காது. தூசு வளையம் சூழ்ந்த அந்த இளம் விண்மீனை என் நாகரிகத்தின் இரண்டாவது குடியிருப்பாக, கனிமம் தோண்டும் இடமாக வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்பேஸ் என்ஜினில் கோள்கள் வகுக்கப்பட்ட பாதையில்தான் சுற்றுகின்றன; ஒன்றையொன்று இழுப்பதில்லை. நிலைக்காத நிலவையும் அது புன்னகையோடு சுற்றவிடும். அழகுக்கும் அண்டை விண்மீன்களுக்கும் அது. உங்கள் கோள் நிலைக்குமா என்ற கேள்விக்கு யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது ஓடுகிறது. ஒருமுறை வாங்கினால் போதும். ஸ்டீமில் தள்ளுபடிக் காலம் வரும்வரை காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம். வாங்கியவுடன் புதிய கோளைப் படைக்கத் தொடங்காமல், உள்ளே தயாராக இருக்கும் நம் சூரியக் குடும்பத்தைத் திறந்து, பூமியின் நிலவை மட்டும் மெல்ல வெளியே நகர்த்திப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் எந்தத் தொலைவில் அது நம்மை விட்டுப் போகிறது என்று தெரிந்துவிடும். நான் அதை முதலில் செய்திருந்தால் என் முதல் பக்கத்தை இருமுறை எழுத வேண்டியிருந்திருக்காது.