பழைய சிடி பிளேயர் ஜம்ப் ஆகுதா? அவசரப்பட்டு லென்ஸ மாத்தாதீங்க

பாட்டு ஜம்ப் ஆகுதுன்னு சிடி பிளேயர கடைக்கு கொண்டு போனா, ஸ்க்ரூ கழட்டறதுக்கு முன்னாடியே "லென்ஸ் வீக்கு சார், மாத்திடலாம்"னுவாங்க (லேசரும் சேர்ந்த மொத்த செட்ட தான் லென்ஸுன்னு சொல்றது). என்கிட்ட இருக்கறது ஒத்த டிஸ்க் பிளேயர், 90கள் கடைசில வாங்கினது, இன்னும் தினம் காலைல ஓடுது. இத்தன வருஷத்துல அது திக்காத விதமே இல்ல, ஆனா நெஜமாவே லென்ஸ் மாத்த வேண்டி வந்தது ஒரே தடவ தான்.

எங்க ஜம்ப் ஆகுதுன்னு பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். ஒரே ஒரு சிடில மட்டும்னா பிளேயர விட்ருங்க, டிஸ்க்ல தான் கோளாறு. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா போற கீறல் அவ்வளவா படுத்தாது, சுமார் 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் டேட்டா விட்டுப்போனாலும் பிளேயரே கணக்கு போட்டு சரி பண்ணிக்கும். வட்டமா விழுற கீறல் தான் வில்லன், அது ட்ராக் (டேட்டா பதிஞ்சிருக்கற சுருள் கோடு) கூடவே ஓடுது, அதனால தான் துடைக்கறப்ப சுத்தி சுத்தி துடைக்காம உள்ளேர்ந்து வெளிய துடைக்கணும். லேபிள் பக்கம் ஆழமா கீறல்னா ஒண்ணும் பண்ண முடியாது, டேட்டாவ படிக்க வைக்கற வெள்ளி கலர் லேயர் அங்க தான் மேலாப்புல இருக்கு.

எல்லா சிடிலயும் ஜம்ப்புன்னா, மொத பாட்டுலயா கடைசிலயான்னு கவனிங்க. சிடி உள்ளேர்ந்து வெளிய படிக்கும், ஆரம்பத்துல நிமிஷத்துக்கு 500 சுத்து, ஓரத்துக்கு வர்றப்ப 200 தான். மோட்டார் தேஞ்சிருந்தா அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாம மொத பாட்டுகள்லயே தகராறு பண்ணும், சில சமயம் டிஸ்க்கே இல்லன்னு காட்டும்.

என்னோடது வேற மாதிரி, முதல் பாதி ஜம்முனு பாடும், அப்புறம் எந்த சிடி போட்டாலும் கிட்டத்தட்ட அதே இடத்துல வந்து ஒரே வரிய திரும்பத் திரும்ப பாடிட்டு நிக்கும். திறந்து பாத்தா லென்ஸ் நகர்ற கம்பில பழைய கிரீஸ் காஞ்சு மஞ்சளா கோந்து மாதிரி ஒட்டி இருந்துச்சு. ட்ராக்குக்கும் ட்ராக்குக்கும் நடுவுல இருக்கறதே 1.6 மைக்ரான் தான், அதுல லென்ஸ் லேசா சிக்கி சிக்கி நகர்ந்தா எப்படி படிக்கும் சொல்லுங்க. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) லிக்விட்ல கம்பி, கியர் பல்லு எல்லாம் துடைச்சு, பிளாஸ்டிக்குக்கு போடற வெள்ளை கிரீஸ் துளியூண்டு தடவினேன், அதோட சரியாப்போச்சு. துரு எடுக்கற ஸ்பிரே எல்லாம் அடிச்சிராதீங்க ப்ளீஸ்.

லென்ஸ துடைக்கவும் அதே ஐபிஏ, பஞ்சு வச்ச இயர்பட், அழுத்தாம. அது மெல்லிசான சஸ்பென்ஷன்ல மிதந்துட்டு இருக்கு, அதனால தான் பிரஷ் வச்ச கிளீனர் டிஸ்க் எனக்கு சுத்தமா பிடிக்காது. பவர் ஆன்ல இருக்கறப்ப லென்ஸுக்குள்ள பாக்கவே கூடாது, 780 நானோமீட்டர் லேசர், கண்ணுக்கு சரியா தெரியாதுங்கறதால ஆபத்து இல்லன்னு அர்த்தம் கிடையாது.

துடைச்ச பிறகும் ஒரிஜினல் சிடி பாடி, நாம ரைட் பண்ண சிடிஆர் மட்டும் திக்குதுன்னா அப்ப லேசர் வீக்காக ஆரம்பிச்சிருச்சுன்னு சந்தேகப்படலாம், சிடிஆர் கம்மியா தான் வெளிச்சத்த திருப்பி அனுப்பும். (அழிச்சு திரும்ப ரைட் பண்ற சிடிஆர்டபிள்யூ இன்னும் மோசம், பழைய பிளேயர் பலதுல அது ஓடவே ஓடாது, அது ரிப்பேர் இல்ல.) இந்த நேரத்துல சில மெக்கானிக் லென்ஸ் பக்கத்துல இருக்கற குட்டி பிரீசெட்ட (லேசர் பவர் அட்ஜஸ்ட் பண்ற திருகு) திருகி பவர் ஏத்தி விடுவாங்க, கொஞ்ச நாள் சூப்பரா பாடும், அப்புறம் லேசர் டயோடு மொத்தமா போயிரும்.

எனக்கு கடைசில அந்த நிலைமை வந்தப்ப சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேஎஸ்எஸ் 213ங்கற மாடல் லென்ஸ் வாங்கி நானே மாத்தினேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, புது லென்ஸ்ல ஸ்டாட்டிக் கரண்ட் அடிக்காம இருக்க ஒரு பொட்டு சால்டர் வச்சிருப்பாங்க, கேபிள் மாட்டினதும் அத எடுக்கலன்னா லேசரே எரியாது, புது லென்ஸும் டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போயிருவோம்.

இப்ப ஜம்ப் இல்ல, ட்ரே பெல்ட் மட்டும் லூஸ், ஓபன் அழுத்திட்டு விரலால லேசா இழுத்து விடணும்.