சென்னைப் பதிப்பகமா, சொந்தக் காசா? இரண்டு வழியிலும் புத்தகம் போட்டவளின் அனுபவம்

சென்னையில் வெளிவந்த என் நாவல் இப்போது எங்கும் வாங்கக் கிடைக்காது. பதிப்பகத்தின் இணையத்தளத்தில் "கையிருப்பில் இல்லை" என்று நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குக் கடைசியாக வந்த பிரதிகள் முடிந்து கனகாலம். யாழ்ப்பாணத்திலேயே நான் காசு போட்டு அடித்த, இந்த ஊர்க் கிணறுகளைப் பற்றிய கட்டுரைகளோ இன்னும் விலைப்படுகின்றன. போன மாதமும் கொஞ்சம் அடித்தோம். இரண்டு வழியாலும் போய் வந்தவள் என்பதால் எது நல்லது என்று ஆட்கள் கேட்கிறார்கள். புத்தகம் போடுவதை அடியிலிருந்து சொல்லித்தர இதை எழுதவில்லை. அது தெரிந்தவர்களுக்கே எழுதுகிறேன்.

பதிப்பகத்துக்குச் சேரவேண்டிய நன்றியை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே என் கைப்பிரதியை வாசித்த எடிட்டரைப் போல என் எழுத்தை வேறு யாரும் வாசித்ததில்லை. மூன்றாம் அத்தியாயத்தில், இடம்பெயர்ந்து போன வீட்டில் தாய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கும் இடம் ஒன்று வரும். "நாவல் இங்கேதான் தொடங்குகிறது. முதல் இரண்டு அத்தியாயங்களும் உங்களுக்குத் தேவைப்பட்டவை, வாசிக்கிறவருக்குத் தேவையில்லை" என்று மின்னஞ்சல் எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. ஆறிய பிறகு வாசித்துப் பார்த்தேன், இரண்டையும் எடுத்தேன். நாவல் மூச்சு விட்டது அதன் பிறகுதான்.

இங்கே மெய்ப்புப் பார்க்க அருமையான ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் கட்டுரைகளில் ஒற்று மிகும் இடம், மிகா இடம் ஒன்றையும் தப்பவிடவில்லை. அணிந்துரைக்கும் வாழ்த்துரைக்கும் ஆசியுரைக்கும் ஆள் பிடிக்க வேண்டியதே இல்லை. ஆனால் "இந்த அத்தியாயம் வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்வதைத் தொழிலாகச் செய்பவர் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. ஊருக்குள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். யாரும் யாரையும் நோகடிக்க விரும்புவதில்லை.

புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் நாவல் கண்ணுக்கு நேரான தட்டில் முகப்பு தெரிய நின்றது. கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டுச் சிற்றிதழ்களில் மதிப்புரை வந்தது. வீட்டிலிருந்தபடி ஒரு தனி ஆள் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

இனி என் கோபம். முதற்பதிப்பு தீர்ந்ததும் மறுபதிப்புக் கேட்டேன். "அடுத்த புத்தகக் காட்சிக்குப் பார்க்கலாம் மேடம்" என்றார்கள். அந்தக் காட்சியும் போனது, அதற்கடுத்ததும் போனது. மறுபடி அடித்தால் காசு முடங்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அது அவர்களுடைய காசு. எத்தனையோ நூறு புத்தகங்களை வைத்து நடத்துகிறவர்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கவும் மாட்டோம், உரிமையை விடவும் மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? உரிமையைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வருடக் கடைசியில் ஒரு தாளில் விற்பனைக் கணக்கு வரும். எந்த ஊரில் எத்தனை போனது என்று அதில் இருக்காது, மொத்தம் மட்டும் இருக்கும். கடைசியாக வந்த தாளில் மொத்தம் பூச்சியம். இல்லாத புத்தகம் எப்படி விற்கும்?

சட்டம் எழுதுகிறவர் பக்கம் நிற்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 19ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமை எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 5 ஆண்டுக்குத்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கொடுத்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிராத பட்சத்தில், அது கைமாறியது செல்லாமற் போய்விடும். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் எல்லாம் எழுதியவருக்குப் பாதுகாப்பு. ஆனால் எனக்கு வந்த படிவத்தில் "உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. மாற்றலாமா என்று கேட்டேன். எல்லா எழுத்தாளருக்கும் இதுதான் என்றார்கள். இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் என்பது எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. என் பேரப்பிள்ளைகள் கிழவர்களாகும் வரை அந்த நாவல் அங்கேதான் கிடக்க வேண்டும்.

என்னை அதிகம் வதைப்பது அந்த "எல்லா வடிவங்களிலும்" என்ற சொல். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வருடி, எவரும் காசில்லாமல் வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறது. கிணற்றுக் கட்டுரைகளுக்கு ஒரு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், வேலை முடிந்தது. நாவலைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பதிப்பகம் மின்னூலும் போடவில்லை. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. அந்த ஊரைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுக்க முடியாமல் நிற்பது எனக்குச் சின்ன விசயமில்லை. இதை விளக்கி எழுதினேன். "மின்னூலுக்கு இப்போது விற்பனை குறைவு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் விற்பனையைக் கேட்கவே இல்லையே.

விலையும் அப்படித்தான். இந்திய விலை 300 ரூபா. நாணய மாற்றுப்படி இலங்கைக் காசில் ஏறத்தாழ 1,050 வரவேண்டும். ஏற்றிறக்கக் கூலியும் இடையில் நிற்பவர்களின் பங்கும் சேர்ந்து இங்கே கைக்கு வரும்போது 1,500. யாழ்ப்பாணம் – சென்னை விமானம் 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகும், நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கிய பிறகும் போய்வருகிறவர்களைப் பிடித்து, அவர்களுடைய பயணப் பொதியில் நாலைந்து பிரதி எடுப்பித்தேன். பள்ளிக்கூட நூலகங்களுக்கு அப்படித்தான் கொடுக்க முடிந்தது.

கட்டுரைகளை இங்கே அடிக்க நினைத்தது 2022இல். தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலம். அச்சகத்தில் காலையில் சொன்ன விலை பின்னேரம் இருக்காது. பொறுத்திருந்து அடுத்த வருடம் அடித்தோம். டெமி அளவு, 200 பக்கம், 80 ஜிஎஸ்எம் தாள், பிரதிக்கு 580 ரூபா விழுந்தது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைக் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுத்தது. அது 978-624 என்று தொடங்கும் இலங்கை இலக்கம். யாழ்ப்பாணத்து நாவலுக்கு இருப்பது 978-93, இந்தியாவின் இலக்கம். பின்னட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம் என் கண்ணில் படும்.

சொந்தமாக அடிக்கிறவர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்குப் பயப்பட வேண்டும். நான் யுனிகோட்டில் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். அச்சகத்தில் அதைப் பாமினிக்கு மாற்றிப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றினார்கள். பாமினியில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே நான் வைத்திருந்த தாவரங்களின் லத்தீன் பெயர்கள் எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியலாய் வந்தன. மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகின. "கௌ" வரும் இடமெல்லாம் "கெள" என்று பிரிந்து நின்றது. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, மெய்ப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும். பாமினியில் செய்த கோப்பிலிருந்து பிறகு மின்னூல் எடுப்பதானால் எல்லாவற்றையும் திருப்பி மாற்ற வேண்டும், அங்கே இன்னொரு தொகைப் பிழை. ஆகவே நிறுத்தி வேறு அச்சகத்துக்குப் போனேன். இப்போதைய இன்டிசைன் மென்பொருளில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக ஏறும். பந்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தெரிவு செய்தால் போதும். அந்த அச்சகத்துப் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தது.

தாளின் நார் புத்தகத்தின் முதுகுக்குச் சமாந்தரமாக ஓட வேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது, ஒட்டும் விடும்.

இனிக் காசு. யாழ்ப்பாணத்தில் சொந்தப் பதிப்புக்குப் போட்ட முதல் திரும்புவது வெளியீட்டு விழாவில்தான். முதற்பிரதியை ஒருவர் வாங்குவார், பிறகு சிறப்புப் பிரதிக்குப் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராய் மேடைக்கு வந்து என்வலப்பைத் தந்து புத்தகத்தை வாங்கிப் போவார்கள். புத்தக விலை 1,000. என்வலப்புக்குள் 2,000மும் இருக்கும், 5,000மும் இருக்கும். அச்சுக் கூலியில் பெரும்பகுதி அன்று பின்னேரமே கைக்கு வந்துவிட்டது. இதை இளக்காரமாகக் கதைக்கிறவர்கள் உண்டு. நான் கதைக்க மாட்டேன். ஓர் ஊர் தன் புத்தகத்தின் செலவைத் தானே ஏற்கும் முறை இது. சொந்தமாக அடித்தது தரக்குறைவு என்பவர்களும், ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவித் தன் நூல்களைத் தானே அச்சிட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விழாவுக்குப் பிறகுதான் கஷ்டம். கடைக்கு 35 வீதம் கழிவு. 1,000 ரூபாப் புத்தகத்தில் எனக்கு 650 வரும், அச்சுக் கூலி போக மிஞ்சுவது 70. சென்னைப் பதிப்பகம் விலையில் எனக்குத் தரும் பங்கான 10 வீத ரோயல்ட்டி இந்தியக் காசில் 30 ரூபா, இங்கே 100க்குக் கொஞ்சம் கூட. ஆம், கடையால் விற்றால் பதிப்பகத்து ரோயல்ட்டிதான் கூடுதல், அதுவும் கைக்காசு போடாமல். சொந்தப் பதிப்பில் லாபம் என்பதெல்லாம் நேரே கையில் விற்றால் மட்டும். மின்னூல் விற்கும் அமேசன் கிண்டில் பக்கமும் எட்டிப் பார்த்தேன். 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் விலை வைத்தால்தான் எழுதியவருக்கு 70 வீதம், இல்லையேல் 35. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் சிலர் வாங்கினார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சொந்தப் பதிப்பு எனக்குத் தந்த சந்தோசம் காசில் இல்லை. புத்தகத்தின் உள்ளட்டையில் என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டிருந்தேன். புத்தூர்ப் பக்கத்திலிருந்து எண்பது வயது தாண்டிய ஐயா ஒருவர் அழைப்பெடுத்தார்.

"பிள்ளை, நிலாவரைக் கிணத்தைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா பங்குக் கிணத்துத் தண்ணியை முறை வைச்சுப் பிரிக்கிறது எப்பிடி எண்டு எழுதேல்லையே. கொஞ்சம் பொறும், காணி உறுதியை எடுத்துக்கொண்டு வாறன்."

அலுமாரி திறக்கும் சத்தமும் தாள் விரியும் சத்தமும் கேட்டன. பிறகு தன் தகப்பன் காலத்துக் காணி உறுதியை வாசிக்கத் தொடங்கினார். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்து, உறுதியில் இல்லாததையும் சொன்னார். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் எந்தக் கிழமை எந்தப் பங்காளிக்கு, விடியப்புறம் யார், பின்னேரம் யார், ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் அந்த முறை யாருக்குப் போகும் என்றெல்லாம். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவருடைய மகள் உறுதியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதியும் அடிக்கலாம் என்பதால் அடுத்த முறை அடிக்கும்போது அவர் சொன்னது முழுவதும் புத்தகத்தில் ஏறிவிட்டது, அவர் சம்மதத்தோடு. அதன் பிறகு கீரிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர், தீவுப்பகுதியிலிருந்து ஒரு ரீச்சர் என்று ஆட்கள் எடுத்தபடி. இப்போது விற்கும் பிரதியில் முதல் அச்சில் இல்லாத பக்கங்கள் கனக்க இருக்கின்றன. நாவலுக்கு இப்படி ஒரு நாளும் நடக்காது.

இவ்வளவையும் கேட்ட பிறகு, அடுத்த நாவலை நானே அடிக்கப்போகிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. சென்னைக்குத்தான் அனுப்பப்போகிறேன், அதே பதிப்பகத்துக்கு. நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கிறேன்: உரிமை 5 ஆண்டுக்கு மட்டும், இலங்கையில் அச்சிடும் உரிமையும் மின்வடிவமும் என்னிடம், ஆறு மாதம் கையிருப்பில் இல்லாவிட்டால் முழு உரிமையும் திரும்ப வேண்டும். அவர்கள் ஒன்றுக்கும் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வீர் என்று வீட்டுக்காரர் கேட்டார். சண்டை பிடிப்பேன், பிறகும் அனுப்புவேன். அந்த எடிட்டர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். அவர் வாசிக்காமல் இந்த நாவல் அச்சுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.